கரையும் கத்தரியும்: கிழக்கில் சேலையும் கவுணும் கலக்கும் விதம்

மட்டக்களப்பு நகரை ஒட்டிய கல்லடியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கும் தையற்கார அக்காவிடம் சென்ற வைகாசியில் ஒரு தாய் தன் கூறைச் சேலையை, அதாவது கலியாணத்தில் உடுத்திய பட்டுச் சேலையை, கொண்டுவந்து கொடுத்தார். மகளின் சாமத்திய வீட்டுக்கு, அதாவது பூப்பு விழாவுக்கு, அதை நிலம் தொடும் கவுணாகத் தைத்துத் தர வேண்டும் என்றார். கைப்பேசியில் ஒரு படமும் வைத்திருந்தார்: இடை வரை உடம்போடு ஒட்டி, இடைக்குக் கீழே குடையாக விரியும் கவுண், அடியைச் சுற்றி அகலமான சரிகைக் கரை. அக்கா பாயை விரித்து, சேலையை முழு நீளத்துக்கும் போட்டு, கரையை விரலால் தடவிக்கொண்டு நெடுநேரம் இருந்தார். மடித்துப் பார்த்தார், திருப்பிப் போட்டார், நாடாவால் அளந்தார். கத்தரிக்கோல் மெசினுக்குப் பக்கத்தில் கிடந்தபடியே கிடந்தது. "இந்தக் கரையில கத்தரி வைக்கக் கை வருகுதில்ல மனே" என்றார் என்னைப் பார்த்து.

அவருடைய தயக்கத்தைக் கூறைச் சேலை மீதுள்ள மரியாதை என்று மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. இந்திய மரபு ஆடையையும் மேலைநாட்டு ஆடையையும் ஒன்றாக்க முயலும் எவரும், சென்னையில் இருந்தாலும் கொழும்பில் இருந்தாலும் மட்டக்களப்பில் இருந்தாலும், கடைசியில் வந்து நிற்கும் இடம் அதுவே. ஏனென்றால் இவ்விரண்டும் துணியைப் பற்றிய இரண்டு வேறு கணக்குகள்.

சேலை தறியிலிருந்து இறங்கும்போதே முடிந்த ஆடை. ஏறத்தாழ ஐந்தரை மீற்றர் நீளமும் 45 அங்குல அகலமும் கொண்ட அந்தத் துணியின் நெடுகப் போகும் இரண்டு கரைகளும், ஒரு முனையில் வரும் தலைப்பும், உடலின் நிறமும் நெய்யும்போதே தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றன. அதற்கு வடிவம் கொடுப்பது உடுத்துபவரின் கைதான். கொய்யகம் பிடிப்பதிலும், இடுப்பில் செருகுவதிலும், தலைப்பைத் தோளில் விடுவதிலும் அந்த வடிவம் ஒவ்வொரு நாளும் புதிதாகப் பிறக்கிறது. கவுண் இதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்குகிறது. அங்கே துணி வெறும் மூலப்பொருள். நெஞ்சு, இடை, இடுப்பு என்று அளவெடுத்து, கடதாசியில் வரைந்து, வெட்டி, டாட் (வளைவுக்காகத் தைக்கும் கூர்மடிப்பு) பிடித்து, உடம்பின் வளைவுகளை முன்கூட்டியே துணிக்குள் தைத்துவிடுகிறார்கள். கழற்றி வைத்த சேலை மீண்டும் தட்டையான துணியாகிவிடும், கழற்றி மாட்டிய கவுணோ ஓர் உடம்பின் சாயலுடன் அப்படியே தொங்கும்.

ஆகவே கலப்பு ஆடையை வடிவமைப்பவர் முதலில் எடுக்க வேண்டிய தீர்மானம் நிறத்தைப் பற்றியதோ பூ வேலையைப் பற்றியதோ அல்ல. எந்த இடத்தில் மடிப்பு வேலை செய்ய வேண்டும், எந்த இடத்தில் வெட்டு வேலை செய்ய வேண்டும் என்பதே அது. பெருநாள், வருடப்பிறப்புக் காலங்களில் நகரத்துக் கடைகளில் 'இந்தோ வெஸ்டர்ன்' என்ற பெயரில் தொங்கும் ஆடைகளில் பெரும்பாலானவை இந்தத் தீர்மானத்தை எடுக்காமலே தைக்கப்பட்டவை என்பது என் எண்ணம். ஐரோப்பிய வெட்டின் மேல் இந்தியக் கல்வேலை ஒட்டப்பட்டிருக்கும், அல்லது லெகங்கா என்னும் வட இந்திய நீள்பாவாடையின் மேல் குட்டையான மேற்சட்டை வைக்கப்பட்டிருக்கும். இரண்டு மரபும் ஒரே ஆணியில் தொங்குகின்றனவே தவிர ஒன்றோடொன்று பேசவில்லை.

இந்தக் கலப்பு நம் காலத்தில்தான் தொடங்கியது என்றும் சொல்ல முடியாது. மரபு என்று நாம் இன்று கும்பிட்டு உடுத்தும் சேலைக் கோலத்திலேயே பாதி தையல் மெசினின் வேலை. 1860களில் கணவருடன் பம்பாய்க்குச் சென்ற ஞானதானந்தினி தேவி, தாகூர் குடும்பத்து மருமகள், பொது இடங்களுக்குப் போய்வர வசதியான ஆடையைத் தேடி, அங்குள்ள பார்சிப் பெண்கள் உடுத்திய முறையைக் கற்றுக்கொண்டு, உள்ளே சட்டையும் உள்பாவாடையும் சேர்த்து வங்காளத்துக்குக் கொண்டுபோனார். சட்டையும் உள்பாவாடையும் இல்லாமல் சேலை உடுத்துவது அநாகரிகம் என்ற எண்ணம் பின்னர் இந்தியாவெங்கும் வேரூன்றியதற்கு இத்தகைய மாற்றங்களும் விக்டோரியா காலத்து ஒழுக்கப் பார்வையும் சேர்ந்தே காரணமாயின. ஆரையம்பதியில் பிறந்து வளர்ந்த என் அம்மம்மா விசேடங்களுக்கு அணிந்த பஃப் கைச் சட்டையும் ஆங்கிலேயச் சீமாட்டிகளின் உப்பிய கைகளிலிருந்து வந்ததுதான். அதன் ஓரத்தில் அவர் கையாலே ரேந்தை (பின்னல் சரிகை, லேஸ்) வைத்துத் தைத்திருந்தார். அந்தச் சட்டையை அவர் கடைசி வரை 'எங்கட பழைய முறை' என்றே சொல்லிவந்தார், அதில் பிழை எதுவும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ரேந்தை என்ற சொல்லும் போர்த்துக்கேயச் சொல்தான். பொத்தான், லேஞ்சி, துவாய், சப்பாத்து, இஸ்திரி ஆகியவையும் அவ்வாறே. போர்த்துக்கேயர் 1628இல் மட்டக்களப்பில் கோட்டை கட்டினர், 1638இல் அதை ஒல்லாந்தரிடம் இழந்தனர். பத்து ஆண்டு ஆட்சிதான், ஆனால் அவர்களின் வழிவந்த பறங்கியர் இன்றும் நம் நகரத்தில் வாழ்கின்றனர். தமிழில் அவர்களைப் போன்ற கலப்பினத்தாருக்குச் 'சட்டைக்காரர்' என்ற பெயர் ஏற்பட்டதைக் கவனித்தால், தைத்த ஆடையை நம் முன்னோர் எவ்வளவு அந்நியமாகப் பார்த்தார்கள் என்பது புரியும். அதே தைத்த சட்டை காலப்போக்கில் கோயிலுக்குப் போகும் கோலமாயிற்று. 1814இல் மெதடிஸ்த மிசனரி வில்லியம் ஓல்ட் இங்கு வந்து பாடசாலை தொடங்கியதற்குப் பின், மிசன் பாடசாலைகளில் பெண்பிள்ளைகளுக்கு ஊசி வேலை ஒரு பாடமாகவே ஆனது. தென்னிலங்கையில் நடந்தது வேறு விதம்: ஐரோப்பியக் கவுணை விட்டுச் சேலைக்கு வாருங்கள் என்று பௌத்த மறுமலர்ச்சித் தலைவர் அநகாரிக தர்மபால சிங்களப் பெண்களிடம் பிரசாரம் செய்தார். ஒரே தீவில் ஒரு பக்கம் சேலைக்குள் சட்டை நுழைந்துகொண்டிருந்தது, மறுபக்கம் கவுணின் இடத்துக்குச் சேலை வந்துகொண்டிருந்தது.

இன்னுமோர் எடுத்துக்காட்டை இங்கே சொல்லியாக வேண்டும். கல்லடியில் உள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நடனம் பயிலும் பிள்ளைகள் அரங்கேற்றத்துக்கு அணியும் பரதநாட்டிய உடை, பட்டுச் சேலையை வெட்டிக் காற்சட்டையாகவும் விசிறியாகவும் மேலாக்காகவும் தனித்தனியே தைத்தது. 1930களில் ருக்மிணி தேவி அருண்டேல் நடனத்தைப் புதிய மேடைக்குக் கொண்டுவந்தபோது, அடையாற்றில் இருந்த மேடம் காசான் என்ற இத்தாலியத் தையற்கலைஞரின் உதவியோடு இந்தத் தைத்த உடையை உருவாக்கினார். முழங்கால் மடித்து நிற்கும் அரைமண்டியில் கால் விரியும்போது நடுவில் விசிறி மடிப்புத் திறந்து, நிமிரும்போது தானாக மூடிக்கொள்கிறதே, அந்த இடத்தில் கொய்யகத்தின் அறிவும் ஐரோப்பியத் தையலின் அறிவும் ஒன்றாகியிருக்கின்றன. சேலைக் கரை காலின் ஓரத்திலும் விசிறியின் விளிம்பிலும் வரும்படி வெட்டியிருப்பார்கள். அதாவது, கத்தரி கரைக்குப் பணிந்து போயிருக்கிறது. இந்திய, மேலைநாட்டுக் கலப்பில் இதைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியவில்லை. அது நம் வீட்டுப் பிள்ளைகளின் அலுமாரியிலேயே இருக்கிறது.

வடிவமைப்பு என்பதை ஒரு தொழிலாகவும் படிப்பாகவும் இந்தியா எடுத்துக்கொண்டது இதற்கு வெகு காலம் பின்னர். ரிது குமார் 1969 அளவில் கொல்கத்தாவில் கை அச்சுத் துணிகளுடன் தொடங்கினார். 1986இல் டெல்லியில் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனம் ஏற்பட்டது. அடுத்த ஆண்டு பம்பாயில் தருண் தகிலியானியும் நண்பர்களும் 'ஆன்சாம்பிள்' என்ற கடையைத் திறந்தனர். முன்கூட்டியே மடித்துத் தைத்து, பாவாடைபோல் ஏறி மாட்டிக்கொள்ளும் சேலையைப் பரவலாக்கியவர்களில் தகிலியானியும் ஒருவர். இலங்கையில் பாபரா சன்சோனி 1964இல் தொடங்கிய 'பெயார்ஃபுட்' வேறொரு வழியில் போனது. அவர் ஆடையின் வெட்டிலிருந்து தொடங்காமல் தறியிலிருந்தும் நிறத்திலிருந்தும் தொடங்கினார். நெசவாளியின் பாவில் எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் வர வேண்டும் என்பதைத் தீர்மானித்த பிறகே, அந்தத் துணி சட்டையாகுமா சாரமாகுமா என்ற கேள்வி வந்தது. கிழக்கிலங்கைக்குப் பொருந்தும் வழி இந்த இரண்டாவதுதான் என்று நான் கருதுகிறேன். ஏன் என்று சொல்வதற்கு முன் கல்லடி அக்காவின் பாய்க்குத் திரும்ப வேண்டும்.

பிள்ளைக்கு இடை 26 அங்குலம், இடையிலிருந்து நிலம் வரை 38 அங்குலம். படத்தில் இருந்ததுபோல முழுக் குடை வெட்டு வேண்டுமென்றால், இடைக்காக வெட்டும் உள்வட்டத்தின் ஆரம் 4 அங்குலத்துக்குச் சற்று மேல், வெளிவட்டத்தின் ஆரம் 42 அங்குலம். அடிவிளிம்பின் சுற்றளவு ஏறக்குறைய 265 அங்குலம், அதாவது 6.7 மீற்றர். சேலையின் முழு நீளமே 216 அங்குலம்தான். ஆகவே ஒரு கரையை முழுதாக உரித்தெடுத்து அடியில் வைத்தாலும் நாற்பத்தொன்பது அங்குலம் போதாது. இன்னொரு கரையையும் உரித்து அந்தக் குறையை நிரப்பலாம். ஆனால் கரை நேராக நெய்யப்பட்டது, வட்டத்தின் விளிம்போ வளைந்தது. சரிகைக் கரையை வளைக்கப் போனால் உள்விளிம்பில் சுருக்கம் விழும், சுருக்கத்தை இஸ்திரியால் அமுக்கினால் சரிகை ஒடியும்.

துணியில் வட்டத்தை எப்படி வைப்பது என்று பார்த்தால் இன்னும் வேதனையானது ஒன்று தெரிகிறது. 45 அங்குல அகலத்தில் முழு வட்டம் அடங்காது, இரண்டு அரை வட்டங்களாகத்தான் வெட்ட முடியும். அரை வட்டத்தின் நேர்ப்பக்கம் ஒரு கரையோரமாகக் கிடக்கும், வளைவு எதிர்க்கரையை ஓரிடத்தில் மட்டும் தொட்டு விலகும். இரண்டையும் இணைத்துத் தைக்கும்போது அந்த நேர்ப்பக்கங்கள் விலாத் தையலாகிவிடுகின்றன. அப்படியென்றால், சேலையின் அழகெல்லாம் எந்தக் கரையில் இருந்ததோ அந்தக் கரை தையலுக்குள் போய் மறைந்துவிடுகிறது, அடிவிளிம்பில் வெறும் உடல் துணி நிற்கிறது. படத்தில் இருந்த கவுண் சேலையில் தைக்கப்பட்டதே அல்ல. வெட்டிய பிறகு கரையை மெசின் எம்பிராய்டரியாகப் போட்டது அது. சேலையைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் படத்தைக் கேட்பது, தேங்காயைக் கொடுத்துவிட்டு மாம்பழச் சாறு கேட்பது போன்றது. அந்தத் தாயின் மேல் இதில் ஒரு குற்றமும் இல்லை, ஏனென்றால் இந்த வேறுபாட்டை அவருக்குச் சொல்வார் யாரும் இல்லை.

குடை வெட்டை விட்டு மடிப்புக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. சேலையின் நீளம் ஆடையின் சுற்றாகவும் அகலம் ஆடையின் உயரமாகவும் வரும்படி வைத்தால், கீழ்க்கரை வெட்டுப்படாமல் அடிவிளிம்பில் தானாக வந்து அமரும். மூன்று மீற்றர் துணி 118 அங்குலம். அதை 26 அங்குல இடைக்குள் கொண்டுவர வேண்டும், நாலரை மடங்குச் சுருக்கு. மென்மையான பருத்தி இதைத் தாங்கும், சரிகைப் பட்டு இடையில் மூட்டைபோல் தடித்துவிடும். இதற்கும் வழி இருக்கிறது: மடிப்புகளைக் கத்தி மடிப்பாக ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி, இடையிலிருந்து நாலைந்து அங்குலம் கீழே வரை தைத்து இறக்கிவிட்டால், இடுப்புவரை தட்டையாக நின்று அதன் கீழே மடிப்பு விரியும். கவுணின் உடற்கட்டு மேலேயும் சேலையின் அசைவு கீழேயும் கிடைக்கும். மேலுடம்பை இதோடு ஒட்டித் தைக்காமல், வேறு புதுப் பட்டில் பிரின்சஸ் கட் (உடம்போடு ஒட்டும்படி நெடுக்குத் தையல்களால் இணைக்கும் வெட்டு) வைத்துத் தனியாக வெட்டலாம். வளைவு வேண்டிய இடத்தில் வெட்டு, வீழ்ச்சி வேண்டிய இடத்தில் மடிப்பு.

பழைய கூறைக்கு மற்றோர் ஆபத்தும் உண்டு. இருபது ஆண்டு அலுமாரியில் ஒரே மடிப்பில் கிடந்த பட்டு, அந்த மடிப்புக் கோட்டிலேயே இற்றுப்போயிருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கோடு கோடாகத் தெரியும். இழுவிசை விழும் இடமான இடையிலோ கைக்குழியிலோ அந்தக் கோடு வந்தால், மண்டபத்தில் பிள்ளை குனிந்து கும்பிடும்போது கிழியும். அக்கா ஒவ்வொரு கோட்டையும் சோக்கால் குறித்து, அவையெல்லாம் மடிப்பின் உட்பக்கம் விழும்படி கொய்யகத்தை எண்ணினார். எந்த வகுப்பிலும் இதைக் கற்பிப்பதாக நான் அறியேன். மூன்று தலைமுறைப் பட்டுச் சேலைகளைக் கையாண்டால்தான் வரும் அறிவு இது.

இப்போது தறிக்கு வரலாம். கல்முனைக்கு வடக்கே, பாண்டிருப்பை அடுத்த மருதமுனை, கைத்தறிக்குப் பெயர்போன ஊர். 1970 முதல் 1977 வரை இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில் உள்ளூர்த் துணிக்கு நல்ல கிராக்கி இருந்தது. 1977க்குப் பின் சந்தை திறக்கப்பட்டு மலிவான துணி கப்பலில் வந்து இறங்கியது. அதன் பின் யுத்தம், 2004 டிசம்பர் 26இல் கடல். தறிகளோடு மனிதர்களையும் இழந்த ஊர் மீண்டும் தறி போட்டது. பருத்தி நூல் இறக்குமதியாக வருவதால் 2022இல் டொலர் தட்டுப்பட்டபோது நூல் விலை ஏறி, மறுபடியும் ஓர் அடி விழுந்தது. இத்தனைக்கும் பிறகு அங்கே நெய்யப்படும் சேலையும் சாரமும், பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்தில் இருக்கும் நம் தையற்காரர்களின் கவுண்களுக்குள் போய்ச் சேருவதே இல்லை. அவர்கள் சென்னையிலிருந்து பெட்டி பெட்டியாக வரும் வலைத் துணியிலும் ஜோர்ஜெட்டிலும் தைக்கிறார்கள். இது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது.

காரணம் பாவில் இருக்கிறது. நெசவில் நெடுக்காகப் போகும் இழை பாவு, குறுக்காகப் போகும் இழை ஊடை. சேலையின் பக்கக் கரைகள் பாவில் அமைகின்றன. தலைப்பு ஊடையில் அமைகிறது. ஒரு தடவை பாவு ஏற்றினால் பல சேலைகளுக்கு நெய்யலாம், ஆனால் அத்தனைக்கும் ஒரே கரைதான், ஏனெனில் கரையை மாற்ற வேண்டுமென்றால் பாவை மறுபடி கோத்து ஏற்ற வேண்டும். ஒரேயொரு கவுணுக்காக எந்த நெசவாளியும் அதைச் செய்ய முடியாது. ஊடையின் நிறத்தை என்றால், ஓடத்தில் (ஊடை இழையைக் கொண்டோடும் கருவியில்) உள்ள தாரை மாற்றி ஒரு நிமிடத்தில் மாற்றிவிடலாம். இந்தச் சிறிய உண்மையில் பெரிய வாய்ப்பு இருக்கிறது. மேலைநாட்டு வெட்டில் துணியின் நெடுக்கு இழை உடம்பில் மேலிருந்து கீழாக வருவதே வழக்கம். அப்படி வைத்தால் ஊடையில் போட்ட பட்டைகள் ஆடையின் அடியில் கிடையாக வந்து நிற்கும். அதாவது, கரைபோல் தெரிய வேண்டியதைத் தலைப்பைப்போல் நெய்துவிடலாம். 1.1 மீற்றருக்கு ஒரு தடவை, துணியின் முடிவில் அகலமான பட்டை வரும்படி நாலு துண்டு நெய்தால், நாலு பாகமும் அடிப்பட்டையுடன் ஒரு பாவாடைக்குத் தயார். அதே பாவில் அடுத்த நாலு துண்டு வேறு பட்டை, வேறு நிறம், வேறொருவருக்கு. ஐந்தாறு தையற்காரர்கள் சேர்ந்து ஒரு பாவுக்குப் பணம் போட்டால் இது நடக்கக்கூடிய காரியம். நூலையும் அதற்கேற்பக் கேட்க வேண்டும், ஏனென்றால் சாரத்துக்கு நெய்யும் தடித்த நூலில் கவுண் தைத்தால் அட்டைபோல் விறைத்து நிற்கும்.

துணியைப் பற்றிப் பேசும்போது நம் ஊரின் வெயிலையும் வாவியின் ஈரக்காற்றையும் மறக்க முடியாது. ஆடி அமாவாசைக்கு மாமாங்கத்துக்குப் போய் வந்தவர்களுக்கு அந்தப் புழுக்கம் தெரியும். பொலியெஸ்டர் வலையைப் பல அடுக்கு வைத்து, உள்ளே கேன்கேன் என்னும் விறைப்பான வலை உள்பாவாடை கொடுத்து, அதையும் பொலியெஸ்டர் லைனிங்கால் மூடினால், அதற்குள் நாலு மணித்தியாலம் நிற்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை படும் பாடு படத்தில் தெரிவதில்லை. லைனிங்கை மட்டுமாவது பருத்தியில் வைக்கச் சொல்லி நான் வாடிக்கையாளர்களிடம் மன்றாடுவதுண்டு. சேலை இந்தக் காலநிலையில் நூற்றாண்டுகள் நிலைத்ததற்குக் காரணங்களில் ஒன்று, அது உடம்புக்கும் துணிக்கும் இடையில் காற்றை விட்டுவைப்பது. கலப்பு ஆடை சேலையிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவற்றில் கரைக்கு அடுத்தது அந்தக் காற்றுத்தான்.

அன்றாட உடையில் இந்தக் கலப்பு அமைதியாக, எந்த வடிவமைப்பாளரின் பெயரும் இல்லாமல் நடந்து முடிந்தது. நாங்கள் 'பஞ்சாபி' என்று அழைத்த சல்வார், யுத்த காலத்தில் துவிச்சக்கரவண்டியில் பள்ளிக்கும் வேலைக்கும் போன பெண்களுக்குச் சேலையால் கொடுக்க முடியாத ஒன்றைக் கொடுத்தது: இரண்டு கால்களையும் தனித்தனியே. இன்று அதன் இடத்தில் குர்தாவும் ஜீன்ஸும், ஸ்கூட்டியில். காத்தான்குடி, மருதமுனை முஸ்லிம் பெண்கள் சேலைத் தலைப்பையே முக்காடாக இழுத்துப் போட்ட காலம் ஒன்று இருந்தது. 1980களுக்குப் பின் அபாயா பரவியது. தளர்வான, நேர் வெட்டுள்ள அபாயா, அளவுக்குக் கட்டுப்படாத தன்மையில் சேலைக்கு நெருங்கிய உறவு. அதன் கைவிளிம்பிலும் முன்பட்டையிலும் மருதமுனைத் துணியை வைத்து யாராவது தைத்தால் எப்படி இருக்கும் என்று நான் பல தடவை கற்பனை செய்ததுண்டு. 2022 நவம்பரில் நாட்டின் சில பாடசாலைகளுக்கு ஆசிரியைகள் சிலர் சேலைக்குப் பதிலாக வேறு ஆடைகளில் சென்றபோது, சேலையே ஆசிரியைக்குரிய உடை என்று இலங்கைக் கல்வியமைச்சு கூறிவிட்டது. அந்த விவாதம் முழுவதும் சேலையா, மற்றதா என்ற இரண்டு சொற்களுக்குள்ளேயே நின்றுபோனது. முன்கூட்டி மடித்துத் தைத்த, பஸ்ஸில் ஏறி இறங்க இலகுவான கைத்தறிச் சேலை என்ற மூன்றாவது வழியும் உண்டு என்பதை யாரும் பேசியதாக என் காதில் விழவில்லை.

அளவு பற்றியும் சொல்ல வேண்டும். சேலைக்கு அளவு கிடையாது. தாய் உடுத்தியதை மகள் உடுத்தலாம், பிள்ளை பெற்ற பிறகும் உடுத்தலாம். தைத்த ஆடை ஒரு வயதின் ஓர் உடம்புக்கு உரியது. சாமத்திய வீட்டுக் கவுண் பெரும்பாலும் ஒரு நாள் உடைதான்; அடுத்த ஆண்டுக்குள் பிள்ளை வளர்ந்துவிடும். ஆகவே விலாவில் ஒன்றரை அங்குலம் விட்டுத் தைப்பது, முதுகில் சிப்புக்குப் பதிலாகக் கண்ணி வைத்து நாடா கோப்பது, இடையைச் சுற்றிக் கட்டும் முறையாக வைப்பது போன்றவற்றை நான் அலங்காரத்தைவிட முக்கியமாக மதிக்கிறேன். இவை சேலையின் தாராளத்தைக் கவுணுக்குக் கடன் கொடுப்பவை.

இந்த வேலைக்குரிய கைகள் நம்மிடம் இல்லாமல் இல்லை. யுத்தத்தில் கணவரை இழந்த பெண்களுக்கு வாழ்வாதாரம் என்று ஊர் ஊராகத் தையல் மெசின்கள் கொடுக்கப்பட்டன; மாவட்டத்தின் கிராமங்களிலிருந்து எத்தனையோ யுவதிகள் ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலைகளில் ஐரோப்பிய அளவுகளுக்குத் தைக்கிறார்கள். தொழிற்சாலையில் ஒருவர் நாள் முழுவதும் ஒரு கையையோ ஒரு கொலரையோ மட்டும் தைப்பதால், ஓவர்லொக் (ஓரம் பின்னும்) மெசினில் அவர் கை மின்னலாக ஓடும், முழு ஆடை எப்படிப் பிறக்கிறது என்பதைப் பார்க்க அவருக்கு வாய்ப்பு வராது. ஊர்த் தையற்காரர் மறுதலை: முழு ஆடையும் தெரியும், ஆனால் அளவுச் சட்டையை வைத்து வெட்டப் பழகியவருக்குக் கடதாசியில் வரையும் முறை தெரியாது. தையல் வகுப்புகளில் கடதாசி வெட்டைச் சொல்லிக்கொடுக்கும் அதே மேசையில், ஒரு முழுச் சேலையையும் விரித்து, வெட்டாமல் எத்தனை வடிவம் எடுக்கலாம் என்று ஒரு மாதம் பழக்கினால், இந்த இரண்டு அறிவும் சந்திக்கும்.

கல்லடி அக்கா கடைசியில் கூறையை வெட்டவில்லை. மூன்று மீற்றரைக் கத்தி மடிப்பாக அடுக்கி இடைப்பட்டியில் பிடித்தார். மிகுதி இரண்டரை மீற்றரையும் அறுக்காமல் அப்படியே குறுக்காக நெஞ்சின் மேல் ஏற்றி, இடத்தோளில் பொத்திப் பிடித்து, தலைப்பை முதுகுப்பக்கம் நிலம் வரை விட்டார். உயரத்தில் மிஞ்சிய அங்குலங்கள் இடைக்கு உள்ளே மடிந்து போயின. மேலுடம்பு வேறு பட்டு, கைகள் முழங்கை வரை, கழுத்து கவுண் கழுத்து. முன்னால் நின்று பார்த்தவர்களுக்கு அது கவுண். பிள்ளை திரும்பி நடந்தபோது சேலை. பட்டுக்கு ஒன்பதாம் நம்பர் ஊசி போட்டு, பிரிக்க இலகுவாகத் தையலை நீளமாக வைத்திருந்தார்.

விசேடம் முடிந்து இரண்டு மாதம் கழித்து அந்தத் தாய் ஆடையைத் திருப்பிக் கொண்டுவந்தார். அக்கா பிளேட்டின் முனையால் நூலை ஒன்றுவிட்டு ஒன்றாக அறுத்து இழுக்க, இடைப்பட்டி கழன்று, கூறை மறுபடியும் ஐந்தரை மீற்றராகப் பாயில் விழுந்தது. பருத்தியாக இருந்தால் ஒரு கழுவலில் ஊசித் துளை மூடிவிடும், பட்டில் மூடாது. மேற்கரைக்குக் கீழே, சேலையின் பாதி நீளத்துக்கு மேல், ஒரு வரிசைத் துளைகள் மெல்லிய கோடாக நின்றன. இடுப்பில் செருகும் பக்கம்தானே, வெளியே தெரியாது என்று சொல்லி அக்கா சேலையைப் பழைய கோடு விழாதபடி புதிய இடத்தில் மடித்து, வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்.